ஏழாம் எண் லாரி

அத்தியாயம் பதினொன்று

பன்னிரண்டு நாட்களாக அந்த வீட்டில் யாரும் குளத்தைப் பற்றிப் பேசவில்லை.

பேசாமல் இருப்பது கிம்ப்ரோ குடும்பத்துக்குப் புதிதல்ல. ரோவீனாவின் அம்மா இறந்த வருடம் முழுவதும் அப்பாவும் மகளும் மழை, முட்டை, டிராக்டர் என்று மூன்று விஷயங்களை மட்டுமே பேசி ஓட்டினார்கள். ஆனால் அந்த மௌனத்தில் இருவரும் உட்கார இடம் இருந்தது. இந்த மௌனத்தில் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். ரோவீனா, கவுண்டி எனப்படும் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளியில் இருபத்து நான்கு வருடங்களாக எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுப்பவள். ஏப்ரல் தொடக்கத்தில் பிள்ளைகளிடம் 1958-ஆம் வருட ஊர் வரைபடம் ஒன்றைக் கொடுத்து, "இதுல இருக்கற ஒண்ணு இப்ப ஊர்ல இல்ல. என்னன்னு கண்டுபிடிங்க" என்றாள். கண்டுபிடித்தார்கள். நகர நீச்சல்குளம். இன்று அந்த இடத்தில் பள்ளி வாரிய அலுவலகத்துக்கு வருகிறவர்கள் கார் நிறுத்துகிறார்கள்.

மறுநாள் ஒரு தாள் கொடுத்தாள். கறுப்பினத்தவரும் அங்கே குளிக்கலாம் என்று 1963-ல் நீதிமன்றம் சொன்னது. ஜூன் மாதம் கவுண்டி நிர்வாகம் காலிக் குளத்தில் மண் கொட்டி மூடியது. கூடவே பழைய செய்தித்தாளிலிருந்து, மண் கொட்டும் லாரியின் படம்.

ஒரு பெற்றோர் புகார் கொடுத்தார். இது சி.ஆர்.டி., போன வருடம் டென்னசி மாநிலம் போட்ட சட்டத்துக்கு விரோதம், என் குழந்தை அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தது என்று. நகலில் பெயர் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது.

சி.ஆர்.டி. என்பது விமர்சன இனக் கோட்பாடு. இனப் பாகுபாடு தனி மனிதர்களின் மனத்தில் மட்டும் இல்லை, சட்டங்களிலும் அமைப்புகளிலும் படிந்து கிடக்கிறது என்று சட்டக் கல்லூரிப் பேராசிரியர்கள் எழுதியது. ஊரில் யாரும் அதைப் படித்ததில்லை. புகார் வந்த பிறகுதான் ரோவீனாவே இரண்டு பக்கம் படித்தாள். அது நல்லதா கெட்டதா என்று அவளுக்கு இன்னும் தீர்மானம் வரவில்லை.

விசாரணை இன்று மாலை. வாரியத் தலைவர் டாரல் கிம்ப்ரோ. அவளுடைய அண்ணன்.

*

காலையில் அப்பா ஹாய்ட் அடுப்பருகே நின்று முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். எண்பது வயது. கவுண்டி சாலைத் துறையில் நாற்பத்தோரு வருடம் லாரி ஓட்டிய தோள் இன்னும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தது.

"ரெண்டா, மூணா?"

"ஒண்ணு போதும்ப்பா."

"ஒத்த முட்டையத் தின்னுட்டு நாள் முழுக்கக் கத்த முடியுமா?"

"நான் வகுப்புல கத்தறதே இல்ல."

"அப்ப பிள்ளைங்களுக்கு எப்படிக் காதுல விழும்?"

தட்டில் மூன்று முட்டைகளை வைத்தார். ரோவீனா சிரித்தாள். சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று நினைத்ததும் சிரிப்பு நின்றது.

மேசையில் அவளுடைய கோப்பு இருந்தது. புகாரின் நகல், வரைபடம், பாடத்தாள். இரவு அவள் அடுக்கிவைத்த வரிசை மாறியிருந்தது. பாடத்தாளில் ஒன்று குறைந்த மாதிரியும் இருந்தது. அப்பாவின் காதிடுக்கில் ஒரு பென்சில். கொட்டகைக் கதவு ரிப்பேராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை.

"எத்தனை மணிக்கு?"

"ஆறு."

"டாரல்தான் நடத்தறானா?"

"அவன்தானே தலைவர். நீங்க வர வேண்டாம்ப்பா. ஒரே கூச்சலா இருக்கும்."

"வர்றேன்னு சொன்னேனா?"

அதற்குப் பிறகு இருவரும் காப்பி முடியும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை.

*

மதிய இடைவேளையில் டாரலின் தீவனக் கடைக்குப் போனாள். வரச் சொல்லியிருந்தான். ஏப்ரல் மாதம் என்பதால் கடை முழுக்கக் கோழிக்குஞ்சுச் சத்தம். சிவப்பு விளக்குக்குக் கீழே தகரத் தொட்டியில் நூறு குஞ்சுகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டிருந்தன.

"சாப்ட்டியா, ரோ?"

"விஷயத்துக்கு வா."

ஒரு கடிதத்தை நீட்டினான். அச்சடித்த நான்கு வரி. 'அந்தப் பாடத்தைத் திரும்பப் பெறுகிறேன். அது மாணவர்களின் வயதுக்கு ஏற்றதல்ல என்பதை உணர்கிறேன். இனி எடுக்கமாட்டேன்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"போட்டுக் குடுத்தா புகார் இதோட முடிஞ்சுது. போடலன்னா ஓட்டெடுப்பு. நீ என் தங்கச்சிங்கறதால நான் ஓட்டுப் போட முடியாது. மீதி ஆறு பேர்ல நாலு பேரு ஒனக்கு எதிரா இருக்காங்க. அடுத்த வருஷம் ஒப்பந்தம் வராது. இருவத்துநாலு வருஷம், ரோ."

"நான் சொன்னதுல எது பொய்?"

"பொய்யின்னு யார் சொன்னா? பதிமூணு வயசுப் பொண்ணு வீட்டுக்கு வந்து, 'நாம கெட்டவங்களா'ன்னு கேட்டிருக்கு. அதுக்கு அந்தம்மா என்ன பதில் சொல்றது?"

"'நாம இல்ல. ஆனா இங்க ஒரு கெட்ட காரியம் நடந்துது'ன்னு சொல்லலாமே."

"ஒனக்குப் பிள்ளை இல்ல. சுலபமாச் சொல்லிடற."

ரோவீனா குஞ்சுகளைப் பார்த்தாள். டாரலும் பார்த்தான். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. இப்படி உறைப்பது சின்ன வயதிலிருந்தே அவனுக்குத் தாமதம்.

"சரி, அத விடு" என்றான். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒன் தாள்ல லாரியோட பின்பாதிதான் இருக்கு. நான் லைப்ரரிக்குப் போயி பழைய பேப்பர எடுத்துப் பாத்தேன். அதுல முழு லாரியும் இருக்கு. கதவும் இருக்கு."

தொட்டியிலிருந்து வெளியே விழப்பார்த்த ஒரு குஞ்சை அவள் உள்ளே தள்ளினாள்.

"யாரு வெட்டினது?"

"நான்தான்."

"ஏன்?"

அவர்கள் இருவரும் சிறுவர்களாக இருந்தபோது அந்தக் கதவைத் திறந்து ஏறியிருக்கிறார்கள். மஞ்சள் வண்ணத்தில் ஏழு என்று எழுதியிருக்கும். அப்பா மடியில் உட்கார்ந்து ஹாரன் அடிப்பது யார் என்று சண்டை வரும். பின்னாளில் லாரி மாறியது, எண் மாறவில்லை. ஏழு என்றால் அப்பா. படத்தில் முகம் இல்லை. ஜன்னலில் ஒரு முழங்கை மட்டும்.

இதை அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வது இதுதான் முதல் தடவை. இப்போதும் பேசிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது.

"நீ கத்திரிக்கோலால மறைச்ச" என்றான் டாரல். "நான் இந்தக் கடுதாசியால மறைக்கறேன். நமக்குள்ள என்ன பெரிய வித்தியாசம்?"

கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். கிழித்துப்போட்டிருக்கலாம். கிழிக்கவில்லை.

*

மூன்றரை மணிக்குப் பள்ளி காலியான பிறகு தபால்காரர் லமார் ஹார்டிசன் தபால் கட்டோடு வகுப்பறை வாசலில் நின்றார். வழக்கமாக அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அவருடைய மகன் ஐசேயா அவள் வகுப்பில்தான் படிக்கிறான். இருபத்தாறு பேரில் கறுப்பினப் பையன் அவன் ஒருவன்தான்.

"மிஸ் ரோவீனா, ஒரு நிமிஷம். வேற யாராவது சொல்லி நீங்க கேக்கறதுக்கு முன்னால நானே சொல்லிடறேன். இன்னிக்குப் பேசறதுக்குப் பேர் குடுக்கப்போறேன். எதிர்ப்புப் பக்கம்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "புகார் நான் குடுக்கல" என்றார். "நான் குடுத்தா பேரோட குடுப்பேன். எல்லார் வீட்டு விலாசமும் எனக்குத் தெரியும், என்னோடத மறைச்சு என்ன பண்ண?"

"அப்புறம் ஏன் எதிர்ப்பு?"

"நீங்க 'கறுப்பினத்தவர்'னு சொன்னதும் இருவத்தஞ்சு தலையும் என் பையன் பக்கம் திரும்பிச்சாம். அவன் பென்சிலக் கீழ போட்டுட்டு, எடுக்கற சாக்குல மேசைக்கடியிலயே குனிஞ்சு இருந்தானாம். மணி அடிக்கற வரைக்கும்."

ஐசேயா குனிந்ததை ரோவீனா பார்த்திருந்தாள். விளையாடுகிறான் என்று நினைத்து, "ஐசேயா, நேரா உக்காரு" என்றுகூடச் சொல்லியிருந்தாள்.

"எங்கம்மாவுக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. எங்க வீட்ல இத யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. தெரியாதவங்களுக்குச் சொல்லணும்னா தாராளமாச் சொல்லுங்க. என் பையனப் படமா வெச்சுச் சொல்லாதீங்க."

"அப்ப எப்படிச் சொல்றது, மிஸ்டர் ஹார்டிசன்?"

"அது ஒங்க வேல. என் வேல தபால் குடுக்கறது." லேசாகச் சிரித்தார். தபால் கட்டை மேசையில் வைத்தார். போகத் திரும்பியவர் நின்றார். "எங்கம்மா அன்னிக்கு அங்க நின்னவங்க. வேலிக்கு இந்தப் பக்கம். பதினோரு வயசு. ரெண்டு லாரி வந்துதும்பாங்க. ஓட்டினது யாருன்னு ஊரெல்லாம் கேட்டிருக்காங்க. ஒருத்தரும் வாயத் திறக்கல. சாகற வரைக்கும் தெரியாமலே போச்சு."

ரோவீனா வாயைத் திறந்தாள்.

"பஸ் நிறுத்தத்துல ஐசேயா காத்துட்டிருப்பான்" என்று மட்டும் சொல்லி மூடினாள்.

"ஆமாங்க. வர்றேன்."

அவர் போன பிறகு வெகுநேரம் ஐசேயாவின் மேசைக்கடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

ஐந்தே முக்காலுக்கு வாரிய அலுவலக வாசலில் இடமில்லை. 'எங்கள் பள்ளியில் சி.ஆர்.டி. வேண்டாம்' என்ற அட்டைகள் நிறைய. 'உண்மையைச் சொல்லிக்கொடு' என்ற அட்டைகள் கொஞ்சம். இரண்டும் ஒரே கடையில் வாங்கிய அட்டைகள்.

கார் நிறுத்தும் இடத்தின் மூலையில் அப்பாவின் பழைய பிக்கப் நின்றது.

ரோவீனா நின்றுவிட்டாள். அப்பா இந்த இடத்தில் வண்டி நிறுத்தி அவள் பார்த்ததே இல்லை. இந்த அலுவலகத்தில் என்ன வேலை இருந்தாலும் மூன்று தெரு தள்ளி மெதடிஸ்ட் சர்ச் பக்கம் நிறுத்திவிட்டு, மழையானாலும் நடந்து வருவார். ஏன் என்று கேட்டால், காலுக்கு நல்லது என்பார்.

உள்ளே நுழைகிற இடத்தில் வாரியச் செயலர் நோரீன் பேச்சாளர் பட்டியலோடு உட்கார்ந்திருந்தாள். பெயர், விலாசம், அதற்குப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஆதரவு, எதிர்ப்பு. ஆளுக்கு மூன்று நிமிடம். பேச விரும்பாதவர் தன் மூன்று நிமிடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். இது அங்கே எப்போதும் உள்ள விதி.

நான்காவது பெயர் ஹாய்ட் கிம்ப்ரோ. வளைந்து வளைந்து எழுதும் அவர் கையெழுத்து. எதிர்ப்புக் கட்டத்தில் அழுத்தமாக ஒரு குறி.

ரோவீனா அதை இரண்டு தடவை பார்த்தாள்.

"என்னம்மா, தண்ணி வேணுமா?" என்றாள் நோரீன்.

"பேனா குடு."

அங்கேயே, பட்டியலுக்குப் பக்கத்தில் கடிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். அப்பாவே வேண்டாம் என்று சொல்லும்போது யாருக்காக இதைப் பிடித்துக்கொண்டிருப்பது? நோரீன் கடிதத்தை எடுத்துக்கொண்டுபோய் டாரலின் கோப்புக்குள் வைத்தாள். டாரல் பார்த்தான். அவன் தோள்கள் இறங்கியது கடைசி வரிசையிலிருந்தே தெரிந்தது.

முதலில் பொதுமக்கள் பேச வேண்டும், அதன் பிறகுதான் வாரிய அறிவிப்பு. நிகழ்ச்சி நிரல் அப்படி. எப்படியும் முடிந்துவிட்டது, கொஞ்சம் பேசி ஆறட்டும் என்று டாரல் நினைத்திருக்க வேண்டும். முதல் மூன்று பேரைக் கூப்பிட்டான். ஒரு பெண் அழுதாள். ஒருவர் அரசியல் சாசனத்தைப் படித்தார். ஒருவர், பிள்ளைகளுக்கு முதலில் வாய்ப்பாடு தெரியட்டும் என்றார். மேசை மேல் விளக்கு ஒவ்வொருவருக்கும் பச்சையில் தொடங்கி மஞ்சளாகிச் சிவப்பில் முடிந்தது.

டாரல் பட்டியலில் அடுத்த பெயரைப் பார்த்தான். தண்ணீர் குடித்தான்.

"ஹாய்ட் கிம்ப்ரோ."

அவர் மெதுவாக எழுந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். ரோவீனாவுக்குத் தெரிந்தது. அவளுடைய பாடத்தாள். காப்பிக் கோப்பையின் வட்டக் கறை. ஓரமெல்லாம் பென்சில் எழுத்து.

"நான் இந்தப் பாடத்துக்கு எதிர்ப்பு. பாடம் தப்பு."

ஒரு பக்கம் கைதட்டல் எழுந்தது. அவர் அது அடங்கும்வரை நின்றார். நேரம் போவதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

"ஜூன் மாசம்னு போட்டிருக்கு. ஜூன் இல்ல. மே இருவத்தொம்பது. மறுநாள் குளம் திறக்கறதா இருந்துது."

தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"காலிக் குளம்னு போட்டிருக்கு. காலி இல்ல. தண்ணி ரொப்பியாச்சு. வெளியேத்த நேரமில்லன்னுட்டாங்க. தண்ணியோடயே கொட்டினோம்."

கைதட்டியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கடைசி வார்த்தை சிலருக்கு உடனே கேட்டது, சிலருக்கு மெதுவாக.

"அப்புறம் இந்தப் படம். பாதி லாரிதான் இருக்கு. மீதிய வெட்டியிருக்கு. அந்தப் பாதியில கதவு உண்டு. கதவுல ஏழுன்னு நம்பர் உண்டு. ஜன்னல்ல ஒரு முழங்கை உண்டு. அது என்னோடது."

டாரல் தன் முன்னால் இருந்த கோப்பின் மேலேயே கண்ணை வைத்திருந்தான்.

"கவுண்டி மூடிச்சுன்னு எழுதியிருக்கு. கவுண்டிக்குக் கை கிடையாது. எழுதறதா இருந்தா ஒழுங்கா எழுதணும்."

இதை மகளைப் பார்த்துச் சொல்லவில்லை. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் ரோவீனாவின் காது சுட்டது. லமார் ஹார்டிசன் மூன்றாவது வரிசையில் தொப்பியைக் கையில் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மஞ்சள் விளக்கு.

"எனக்கு இருவத்தோரு வயசு. வேலைக்குச் சேந்து நாலு மாசம். அந்த வேல எனக்குப் பிடிச்சுதா பிடிக்கலையான்னு இந்தப் பன்னெண்டு நாளா ஒக்காந்து யோசிச்சேன். ஞாபகம் இல்ல. எத்தன லோடுன்னு ஞாபகம் இருக்கு. பதினாலு. வேலிகிட்ட பிள்ளைங்க துண்டோட நின்னது ஞாபகம் இருக்கு. எனக்கு எப்படி இருந்துதுங்கறது மட்டும் இல்ல."

நிறுத்தினார். அவர் வீட்டு மௌனம் இப்போது அந்தக் கூடம் முழுக்கப் பரவியிருந்தது. இருநூறு பேர் அதில் உட்கார இடம் தேடினார்கள்.

"நான் ஒருத்தன் மட்டும் ஓட்டல. ரெண்டு லாரி. நாலாம் நம்பர் லாரிய ஓட்டினது..."

சிவப்பு.

ஹாய்ட் நின்றுவிட்டார். சிவப்பு விளக்குக்கு நிற்பது அவருடைய வாழ்நாள் பழக்கம்.

"நேரம் முடிஞ்சுதுங்க" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். "தலைவரே, ஒங்க அப்பான்னா மட்டும் தனி ரூலா?"

"ஒக்காருங்க" என்றான் டாரல். அது யாருக்குச் சொன்னது என்று தெளிவாக இல்லை.

லமார் எழுந்தார்.

"ஐயா, பட்டியல்ல அடுத்தது என் பேரு. எதிர்ப்புப் பக்கம்தான். என் மூணு நிமிஷத்த மிஸ்டர் ஹாய்ட்டுக்குக் குடுக்கறேன்."

"மிஸ்டர் ஹார்டிசன், நீங்க பேச வந்ததப் பேசலாமே."

"பேச வந்ததுதான். அது இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். அந்தப் பேரு எனக்குத் தெரியணும்."

டாரல் மேசையைப் பார்த்தான். ஒரு பக்கம் விளக்கின் பொத்தான். இன்னொரு பக்கம் கோப்பு. கோப்புக்குள் தங்கை கையெழுத்துப் போட்ட கடிதம். அதை எடுத்து நான்கு வரி படித்தால் போதும். பாடம் திரும்பப் பெறப்பட்டது, இனி இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். விதியும் அவன் பக்கம்தான் இருக்கும்.

ரோவீனா எழுந்து நின்றாள். அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் பேச்சாளர் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

அண்ணன் தங்கையைப் பார்த்தான். இருவருக்கும் இடையே இருநூறு தலைகள் இருந்தன. சின்ன வயதில் லாரியில், இந்தத் தடவை ஹாரன் நீ அடி என்று விட்டுக்கொடுக்கிறபோது அவன் இப்படித்தான் பார்ப்பான். விட்டுக்கொடுத்ததைப் பிறகு மூன்று நாள் சொல்லிக் காட்டுவான்.

மேசைக்குப் பின்னால் வாரிய உறுப்பினர்கள் ஏழு பேர். டாரலைத் தவிர நான்கு பேர் இந்த ஊரிலேயே பிறந்தவர்கள். அவர்களுடைய அப்பாக்கள் 1963-ல் வாலிபர்கள். நான்கு பேரும் அவரவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாரல் கோப்பை மூடினான். கடிதம் உள்ளேயே இருந்தது. பொத்தானை அழுத்தினான்.

பச்சை.

ஹாய்ட் பாடத்தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இனிச் சொல்ல வேண்டியதற்கு அவருக்குத் தாள் தேவைப்படவில்லை.